வளைந்த தீர்லீன்

சித்திரை வெயிலில், ஜன்னல் சாத்திய அறைக்குள் கறுப்பு மையின் வாடை ஆளை என்ன பாடு படுத்தும் என்று என்னைக் கேளுங்கள். நெற்றியில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, வேர்வை ஒரு சொட்டுகூடத் தாளில் விழாமல் குனிந்து கோடு இழுத்தவள் நான். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பதின்மூன்று வயது.

அப்பா அரசாங்கக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். நீல வெல்வெட் விரித்த பெட்டிக்குள் அவருடைய பித்தளைக் கவராயங்களும், 'தீர்லீன்' என்று அவர் சொல்லும் கோடு இழுக்கும் பேனாவும் இருக்கும். இரண்டு மெல்லிய எஃகு அலகுகள், நடுவே ஒரு குட்டித் திருகு. முடுக்கினால் கோடு மயிரிழையாகும், தளர்த்தினால் தடிக்கும். அதுமாதிரி இன்னொன்று ஊரில் கிடையாது.

நான் பெரியவளானதும், "மூணு மாசம் வூட்ல இருக்கட்டும், அப்பறம் ஸ்கூலுக்கு அனுப்பலாம்" என்றாள் அம்மா. அந்த மூன்று மாதத்துக்குள் அப்பாவின் வலக்கை நடுங்கத் தொடங்கியது. வேலை போய்விடுமே என்று பயந்து படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் பென்சிலால் போட்டதன்மேல் மை போட்டது நான். வெளியே தெரியக் கூடாதென்று ஜன்னல் எப்போதும் சாத்தியே இருந்தது. "ஒன் கை எனக்குக் கெடச்ச வரம்மா" என்பார். மூன்று மாதம் பதினோரு மாதமாயிற்று. பள்ளிக்கூடப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஊரார் வந்துபோக வாசலும் ஜன்னலும் வரைந்த எனக்குத் தெருவைப் பார்க்கவே வழியில்லை. அப்பாமேல் எனக்கு அவ்வளவு கோபம்.

ஆபீஸுக்குக் கிளம்புமுன் அவர் தினமும் பழைய தாளில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார், கை சரியாகிவிட்டதா என்று. ஒருநாளும் ஆகவில்லை. ஒரு காலையில் அவர் அப்படிப் பார்த்துவிட்டு வைத்துப்போன தீர்லீனை எடுத்துத் தரையில் ஊன்றி, என் பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினேன். அலகுகள் ஆளுக்கொரு பக்கம் வளைந்தன. மேசைக்கடியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அதைக் கண்டெடுத்த அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காலைல நான்தான் கீழ போட்டுட்டேன் போல இருக்குது. கைக்குப் புடிமானமே இல்ல பாரு" என்றார். மறுநாள் தானே அதிகாரியிடம் போய், இனி தன்னால் வரைய முடியாது என்று சொல்லிவிட்டார். பழைய படங்களை அடுக்கிவைக்கும் அறைக்கு அவரை மாற்றினார்கள். அடுத்த திங்கட்கிழமை என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அவரே கூட்டிப்போனார். "ஒன்ன ரொம்ப நாளு அடச்சி வச்சிட்டேம்மா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அதன்பின் டம்ளர் கைதவறி விழுந்தாலும், "தீர்லீனையே வளைச்ச கையாச்சே இது" என்று சிரிப்பார். இருபது வருஷம் அப்படிச் சிரித்தார்.

இப்போது வரைபடமெல்லாம் கணினியில். மை தொட்டுக் கோடு இழுப்பவர் ஊரில் யாருமில்லை, நான் மை போட்ட கட்டடங்களில் பாதி இடிந்துபோயின, அப்பாவும் போய்விட்டார். "நீங்க இல்லப்பா, நான்தான்" என்று சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். அதற்குள் அவர் தன் கையைப் பார்த்துச் சிரித்துவிடுவார், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன்.