மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்

உரும்பிராய் அருளம்பலத்துக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காதபோது, ஒரு சொட்டில் உதைத்துக் கிளப்பி, மீதி வழியெல்லாம் மண்ணெண்ணெயிலேயே ஓட்டிய மனிதர் அவர். என்ஜின் இருமினால் எப்படித் தாஜா பண்ணுவது என்பது அவருக்கு அத்துப்படி. அந்தக் கெட்டித்தனம்தான் அன்று அவரை வீட்டிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய் விட்டது.

2022ஆம் ஆண்டு. ஊரெல்லாம் பெற்றோல் வரிசை. சமையலுக்குக் காஸும் இல்லை. அவர் வீட்டுப் பின்விறாந்தையில் ஒரே மாதிரியான இரண்டு பச்சைச் சோடாப் போத்தல்கள் நின்றன. ஒன்றில் வரிசையில் நின்று எடுத்த பெற்றோல். மற்றதில் மனைவி மீனாம்பிகையின் அடுப்புக்கு மண்ணெண்ணெய். பெற்றோல் வலப்பக்கம், மண்ணெண்ணெய் இடப்பக்கம் என்பது அவர் போட்ட சட்டம். அன்று காலை விறாந்தையைக் கூட்டிய மீனாம்பிகை போத்தல்களை இடம் மாற்றி வைத்துவிட்டாள். மணந்து பார்த்தால் குழந்தைக்கும் தெரியும்தான். ஆனால் கொரோனா வந்து போனதோடு அவருடைய மூக்கு செத்துவிட்டது. வலப்பக்கப் போத்தலை மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தாங்கிக்குள் கவிழ்த்துவிட்டு, குழாயில் மிச்சமிருந்த பெற்றோலில் வண்டியைக் கிளப்பி, விதை வெங்காயம் பார்க்கப் புத்தூருக்குப் புறப்பட்டார்.

நீர்வேலியைத் தாண்ட வண்டி இருமியது, வெள்ளைப் புகை கக்கியது. வேறு ஆளென்றால் அங்கேயே இறங்கியிருப்பான். இவரோ சோக்கை இழுத்தார், கைபிடியை முறுக்கினார், "கள்ளர், கலந்தெல்லே தந்திருக்கிறாங்கள்" என்று திட்டியபடியே ஓட்டினார். பழைய வித்தை இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்பதில் உள்ளூரச் சந்தோஷம் வேறு.

புத்தூரில் வெங்காயம் வைத்திருந்த நண்பர் ஜெறோம், தாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"அருளண்ணை, உது கலப்படமில்லை. தனி மண்ணெண்ணெய்."

"பெற்றோல் எண்டுதானே தந்தவங்கள்!"

"அதே வரிசையிலை உங்களுக்குப் பின்னாலை நிண்டு நானும் எடுத்தனான். என்ரை நல்லாய்த்தானே ஓடுது?"

அருளம்பலத்துக்கு விறாந்தைப் போத்தல்கள் நினைவுக்கு வந்தன. வண்டிக்குள் மண்ணெண்ணெய் என்றால், வீட்டில் நிற்பது பெற்றோல். மத்தியானச் சமையலுக்கு மீனாம்பிகை அதைத்தான் அடுப்பில் ஊற்றுவாள். ஒரு தீக்குச்சி போதும்.

போன் அடித்தார். மின்வெட்டில் அவளுடைய போன் செத்துக் கிடந்தது.

"ஜெறோம், வண்டியை எடு! மீனா அடுப்பு மூட்டப்போறாள்!"

பின்னால் ஏறி ஜெறோமின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு மூக்கு இருக்கிறதுதானே, ஊற்றும்போதே தெரிந்துவிடும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். நேற்றும் கத்தரிக்காய்க் குழம்பை இறக்கும்போது, "என்ன வாசம்! உங்களுக்குத்தான் குடுத்துவைக்கேல்லை" என்று பகிடி பண்ணியவள் அவள். அந்த மூக்கை மலைபோல நம்பினார். உரும்பிராய்ப் பக்கம் புகை எழுந்ததைக் கண்டதும் அந்த நம்பிக்கையும் போயிற்று. பிள்ளையாரே, பிள்ளையாரே என்று வாய்விட்டு அழைத்தார். கிட்டப் போனால், யாரோ தோட்டத்தில் சருகு எரிக்கிறார்கள்.

வீட்டு வாசலில் வண்டி நிற்குமுன் குதித்து ஓடினார். குசினியில் மீனாம்பிகை அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். பக்கத்தில் வெறும் போத்தல். கையில் தீக்குச்சி; உரசப் போகிறாள். பாய்ந்து கையைத் தட்டிவிட்டார். தீப்பெட்டி சுவரில் பட்டுக் குச்சிகள் சிதறின.

"என்னப்பா, உங்களுக்கு விசரே?"

"அது பெற்றோலடி!"

பின்னால் வந்த ஜெறோம் வாசற்படியிலேயே மூக்கைப் பொத்தினார். "குசினி முழுக்க மணக்குதே அக்கா!"

அருளம்பலம் மனைவியைப் பார்த்தார். "உனக்கு மணக்கேல்லையே?"

அவள் நிமிராமல் குச்சிகளைப் பொறுக்கினாள். "எனக்கும் கொரோனாவோடையே மணம் போயிட்டுதப்பா. ரெண்டு பேருக்கும் இல்லையெண்டால் நீங்கள் பயந்திடுவியள் எண்டு சொல்லேல்லை."

"அப்ப நேற்றுக் குழம்பு மணக்குது எண்டது?"

"சும்மா."

அருளம்பலம் குசினி நிலத்தில் அப்படியே குந்திவிட்டார். உயிர் தப்பிவிட்டது; பயம் மட்டும் இறங்கவில்லை. இனி இந்த வீட்டில் எது எரிந்தாலும், முதலில் அறியப்போவது பக்கத்து வீட்டுக்காரர்தான்.