ஏழு ஜூஸ் கடைகளும் ஒரு சாரதியும்

நாய்ப் படுக்கைகளைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன். பதினொரு வகை. எங்கள் வீட்டுக்குள் நாய் வருவதில்லை. கல்முனையில் எங்கள் தெரு நாய்களும் படுக்கை எதையும் எதிர்பார்ப்பதில்லை. பனியில் வழுக்காத டயர், புல்வெட்டும் இயந்திரம், நீச்சல் குளத்தில் போடுகிற பொடி, இவற்றைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். வெளிநாட்டில் ஓர் இணையத்தளம். அதன் எடிட்டர் மின்னஞ்சலில் தலைப்பு அனுப்புவார், நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன், கீழே வேறு யாருடைய பெயரோ வரும். அந்தப் பெயர்க்காரர் நிறைய ஊர் பார்த்தவர். நான் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கடற்கரைக்கே மாதத்தில் ஒரு தடவைதான் போகிறேன்.

இந்த வேலைக்கு நான் வந்தது என் கணவரின் காலால். அவர் கல்முனையிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஓட்டியவர். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, மகாஓயாப் பக்கம், டயரைப் பார்க்க இறங்கி நின்றவரை ஒரு வேன் அடித்தது. வேனை ஓட்டியவன் குடித்திருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்தது. கம்பி வைத்தார்கள், எலும்பு பொருந்தியது, நடக்கிறார். ஆனால் அந்தப் பாதத்துக்குப் பிரேக்கை அழுத்தும் பலம் திரும்பி வரவில்லை. பிரேக் பிடிக்க முடியாதவருக்குப் பஸ் கொடுக்க மாட்டார்கள், அது நியாயம்தான்.

ஆஸ்பத்திரியில் வேன்காரன் பொலிசாரோடு வந்து கட்டிலருகில் நின்று அழுதான். அவன் சட்டையிலிருந்து புளித்த வாடை ஒன்று வந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிதான் மூக்கைப் பொத்திக்கொண்டு, பியர் என்று சொன்னார். எனக்கும் பியருக்கும் உள்ள பழக்கம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. பஸ்ஸின் ஒவ்வோர் ஆணியைப் பற்றியும் கதைக்கிற மனுசன், அந்த ஒரு காலையைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

நான் எழுதுபவற்றில் வாகனமும் வீதியும் அவருடைய இலாகா. இது பனி டயரில் தொடங்கியது. இரண்டு நாளாக ஒரு வரியும் ஓடாமல் இருந்தேன். அவர் எட்டிப் பார்த்து, "பனி எண்டா என்ன புள்ள, வெள்ளச் சேறுதானே. சேத்துக்குள்ள சடாரெண்டு பிரேக் அடிக்கப்படா, கியரக் கொறச்சி மெல்லமாப் போகணும்" என்றார். அதை அப்படியே எழுதினேன். எழுதியவர் பனியிலேயே வளர்ந்தவர் போலிருக்கிறது என்று எடிட்டர் பாராட்டினார். அன்றிலிருந்து பின்னேரத்து அசர் தொழுகை முடிந்ததும் ஒரு பிளேன்டீயோடு வந்து, வலது காலை எதிர்க் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு, "வாசி" என்பார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். வளைவு, ஏற்றம், பெற்றோல் செட் எல்லாம் விசாரிப்பார். நாளில் அந்த ஒரு மணித்தியாலம் அவர் மறுபடியும் சாரதி. அந்த நேரத்துக்காகவே நான் பகல் முழுவதும் வேலை செய்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்போதுதான் அந்தத் தலைப்பு வந்தது: காரில் ஊர் சுற்றுபவர்களுக்கு, ஒரு கடலோர வீதியில், ஏழு கிராஃப்ட் புரூவரிகள். பெரிய தொழிற்சாலை மாதிரி இல்லாமல், நாலைந்து பேர் சேர்ந்து தங்கள் கைப்பக்குவத்தில் பியர் காய்ச்சி, காய்ச்சிய இடத்திலேயே விற்கிற கடைகளாம். நான் மறுத்திருக்கலாம். மறுக்கிறவர்களுக்கு அடுத்த தலைப்பு சுணங்கித்தான் வரும். மார்க்கத்தில் இது கூடுமா கூடாதா என்று நான் எவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கடைகளின் பக்கங்களைத் திறந்து படித்தேன். குடித்தவர்கள் எழுதியதையும் படித்தேன். குடித்தவர்களுக்கு எழுத வராது என்பது தெரிந்தது. எல்லோரும் அருமை, அபாரம் என்றே எழுதியிருந்தார்கள். ஆகவே ருசிகளை நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கறுப்பு நிறத்துப் பியருக்கு, சர்க்கரைப் பாணி காய்ச்சும்போது அடிப்பிடித்த மணத்தைக் கொடுத்தேன். மங்கல் மஞ்சளுக்கு விளாம்பழத்தின் புளிப்பு. கோதுமையில் செய்வதற்கு, நெல் அவிக்கிற பீப்பாயைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற ஆவி. எல்லாவற்றையும் அந்த நாட்டுச் சாமான்களாக மாற்றி அனுப்பினேன். இத்தனை நுட்பமாகக் குடிக்கிற ஒருவரைத் தான் கண்டதில்லை என்று எடிட்டர் பதில் போட்டார். இனி ஒவ்வொரு கடைக்கும் எவ்வளவு தூரம், வாகனம் நிறுத்த இடம் உண்டா, இவற்றையும் சேர்த்து முடித்துக் கொடுக்கச் சொன்னார். ஏழு கடைக்கும் சேர்த்தேன்.

என் பயமெல்லாம் அசருக்குப் பிறகு வருகிற அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றித்தான். நாய்ப் படுக்கை என்றால் அவர் கேட்கமாட்டார். இது வீதி. மூன்று நாள் லெப்டொப்பை அவர் வரும்போது மூடி வைத்தேன். நாலாம் நாள் மூட மறந்துபோனேன். திரையில் அந்த வரைபடம் கிடந்தது.

"இதென்ன ரோட்டு புள்ள? கடலோடயே போகுது."

"சுத்திப் பாக்கப் போற ஆக்களுக்கு. வழியில நிண்டு போற கடைகள்."

"என்ன கடை?"

"ஜூஸ் கடை" என்றேன்.

அவர் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தார். "ஏழும் ஜூஸ் கடையா?"

"ஓம்."

"அந்த ஊருல வெயில் கூடப்போல. வாசி."

வாசித்தேன். முதலாவது கடையில் மரப் பீப்பாய்கள் வந்தன. ஜூஸை எதற்குப் பீப்பாய்க்குள் ஊற்றுகிறார்கள் என்று கேட்டார். குளிராக இருப்பதற்கு என்றேன். இரண்டாவது கடையில் ஆறு சின்னக் கிளாசில் ஆறு வகை கொண்டுவந்து வைத்தார்கள். "ஆறையும் ஒராளா குடிக்கிற? சீனி ஏறிப் போகுமே" என்று கவலைப்பட்டார். சீனி போடாத ஜூஸ் என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய், அதற்கு இன்னொன்று என்று, இவ்வளவு சரளமாக எனக்குப் பொய் வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தத் துணிவில் மூன்றாவது கடையை வேகமாகச் சொல்லிக்கொண்டு போனேன். "வாசல்ல அடையாள அட்டை பாப்பாங்க. வயசு காணாத புள்ளைகள உள்ளுக்கு எடுக்கமாட்டாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

அவர் பிளேன்டீயைக் கீழே வைத்தார். "ஜூஸ் கடையில எதுக்குப் புள்ள வயசு பாக்கிற?"

பீப்பாயையும் சீனியையும் சமாளித்த நான், இதற்கு லெப்டொப்பை அவர் பக்கம் திருப்பினேன். பிறகு, "இது பியர் கடை" என்றேன். "ஏழும்."

அவர் எழும்பிப் போவார் என்று நினைத்தேன். அல்லது இனிமேல் எனக்கு ஒன்றும் வாசிக்க வேண்டாம் என்பார். அதைத்தான் அதிகமாகப் பயந்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது கடையில இரிந்து நாலாவது கடைக்கு எத்தின கட்டை?"

"முப்பது மைல்."

"ரோட்டு எப்பிடி?"

"வளைவு கூட. ஒரு பக்கம் மலை, மத்தப் பக்கம் கடல்."

"மூணு கடையிலயும் குடிச்சிட்டு அந்த முப்பது கட்டையும் ஆரு ஓட்டுற?"

நான் திரும்பவும் கட்டுரையைப் பார்த்தேன். எந்த வளைவில் நின்றால் கடல் அழகாகத் தெரியும் என்று எழுதியிருந்தேன். ஏழு கடையிலும் வாகனம் நிறுத்த இருக்கிற வசதியைப் புகழ்ந்திருந்தேன். யார் ஓட்டுவது என்று ஒரு சொல் இல்லை. குடிக்கிற எவருக்கும் முதல் வரியிலேயே இது ஞாபகம் வந்திருக்கும். குடிக்காத எனக்குக் குடி என்றால் ருசியும் பாவமும் மட்டும்தான். குடித்த பிறகு கையும் கண்ணும் என்னவாகும் என்று யோசிக்கவே இல்லை. அதுவும் நான். அந்தக் காலுக்குத் தினமும் எண்ணெய் பூசுகிற நான். எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்லிப் பிடிபட்டதைவிட இதுதான் பெரிய வெட்கம்.

"அண்டைக்கு அந்த வேனுக்குள்ள நாலு பேர்" என்றார் அவர். "நாலும் நல்ல பொடியனுகள்தான். ஒருத்தன் தான் போட்டிருந்த சேட்டக் கிழிச்சி என்ட காலக் கட்டினான். கட்டுற கை நடுங்குது, முடிச்சி போட ஏலாம இரிக்கு. நாலு பேருல ஒருத்தன் மட்டும் குடிக்காம இரிந்திருந்தாக் காணும்."

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்தக் காலையைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான். நான் திரையைப் பார்த்தபடியே அழுதேன். அவர் ஆறிப்போன தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார்.

பிறகு, "எழுது" என்றார். "முதலாவதா இதப் போடு. குடிக்காத ஒராளத் தேடிப் புடிச்சிக் கூட்டிட்டுப் போங்க. அவர்ட கையில சாவியக் குடுங்க. அவருக்கு நல்ல சாப்பாடு வாங்கிக் குடுங்க."

எழுதினேன். அவர் அத்தோடு விடவில்லை. "அந்த ட்ரைவருக்கு ஏழு கடையிலயும் என்ன இரிக்கு? காருக்குள்ளயே குந்திட்டு இரிக்கிறதா?" என்று கேட்டார். பஸ் நிற்கிற சாப்பாட்டுக் கடைகளில் சாரதிக்குத் தனி மேசையும், கேட்காமலே வருகிற இரண்டாவது மீன் துண்டும் கண்டவர் அவர். ஆகவே ஏழு கடைக்காரருக்கும் மின்னஞ்சல் எழுதி விசாரித்தேன். நாலாவது கடையில் பொரித்த மீன் திறம், கடலைப் பார்த்து இருக்கலாம். ஐந்தாவதில் ஒன்றுமில்லை, நிழலில் உட்கார ஒரு வாங்கு, தண்ணீர்க் குழாய். ஆறாவதில் கோப்பி. ஏழாவதில் நாய்க்குப் படுக்கை உண்டு, மனிதருக்குச் சூப்பும், அதில் தோய்த்துத் தின்னப் பாணும். எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன்.

எடிட்டர் உடனே பதில் எழுதினார். முதலாவதாக இருப்பது ஓர் இடமே அல்ல, வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம், உற்சாகம் கெட்டுவிடும், எடுத்துவிடுகிறேன் என்றார். வேண்டுமென்றால் கடைசியில் சின்ன எழுத்தில் போடலாமாம். சின்ன எழுத்து என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது ஓர் இடமல்ல என்பது உண்மைதான், அதில் வாகனம் நிறுத்தவும் வசதியில்லை; ஆனால் அதை எடுத்தால் மற்ற ஏழையும் எடுத்துவிடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் சோறு வடிக்கும்போதும் போனைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் கட்டுரை வெளிவந்திருந்தது. முதலாவது முதலாவதாகவே இருந்தது. கீழே அந்தப் பெயர்க்காரர் ஏழு கடைக்கும் நேரில் போய்வந்தவர் என்று போட்டிருந்தார்கள்.

அசருக்குப் பிறகு அவர் வந்து காலைத் தூக்கி வைத்தார். "முழுக்க வாசி. ஜூஸ் வேணாம்."

முழுக்க வாசித்தேன், உள்ளதை உள்ளபடி. மூன்றாவது கடை தாண்டி அந்த வளைவுகள் வந்தன. மெல்லமாகச் சொன்னேன். முதல் வளைவில் கதிரை முனகியது. குனிந்து பார்த்தேன். அவருடைய வலது பாதம் கதிரைச் சட்டத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அடுத்த வளைவிலும் அழுத்தியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் மெல்லமாக வாசித்தேன். நாலாவது கடை வந்தது.

"இதில கொஞ்சம் நிப்பாட்டு புள்ள" என்றார். "அவங்க அவசரப்படாம ஆறுதலாக் குடிச்சிட்டு வரட்டும். நான் இரிக்கன்."