முதல் வரிசையில் ஒரு காலிக் கட்டம்

ஜூஜுவாடியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் நானும் என் தோழியும் வெப்சைட் செய்து பிழைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் பெருமையெல்லாம், பக்கத்தில் எது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பில் இருந்தது. இடது ஓரம், வலது ஓரம், மேல் மூலை என்று ஒவ்வொன்றுக்கும் 'கிளாஸ்' என்ற ஒரு குட்டி வார்த்தை. படத்தின் பக்கத்தில் அந்த வார்த்தையை எழுதினால் போதும், சொன்ன இடத்தில் போய் நின்றுவிடும்.

ஒரு தொழிற்சாலைக்கு ஊழியர் பக்கம் செய்தோம். இடப்பக்கம் தொழிலாளர் படங்கள், வலப்பக்கம் காலமான முதலாளி. அவர் படத்துக்கு மாலை வேண்டும் என்றார்கள். மாலைக்கு 'மேல் மூலை' கிளாஸைக் கொடுத்தோம். முதலாளியின் கட்டத்துக்கு 'இதுதான் எல்லை' என்று சொல்லும் கிளாஸ் அவசரத்தில் விட்டுப்போனது. எல்லை தெரியாத மாலை பக்கத்தின் மூலைக்கே ஓடி, வரிசையில் முதலில் நின்ற ஃபிட்டர் மேல் விழுந்தது. பக்கத்தை இணையத்தில் ஏற்றிய பிறகு நாங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஃபிட்டரின் மனைவி பேரிகையிலிருந்து வந்து நின்றார். பிரவுசிங் சென்டரில் யாரோ காட்டினார்களாம். பக்கத்தின் அடியில் எங்கள் முகவரி இருந்திருக்கிறது.

"குஜராத்துக்கு மெஷின் மாட்ட அனுப்பிச்சாங்க. நாலஞ்சு நாளா போன் எடுக்கல. கம்பெனி கேட்ல போனா ஆபீஸ் லீவுன்றாங்க. மாலை போட்டது நீங்கதான? எப்ப செத்தாரு, சொல்லுங்க."



"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா! கம்ப்யூட்டர்ல வந்த தப்பு."

"கம்ப்யூட்டருக்கு எங்க வூட்டுக்காரரு மேல என்ன கோவம்?"

விட்டுப்போன வார்த்தையை அடித்துச் சேர்த்தேன். மாலை தாவி முதலாளியிடம் போனது. அக்காவின் முகம் தெளியவில்லை. ஃபிட்டரின் எண்ணை வாங்கி எங்கள் போனிலிருந்து அழுத்திக்கொண்டே இருந்தேன். பொழுது சாயும்போது ஒரு குரல், "அலோ, யாருங்க?"

அக்கா ரிசீவரைப் பிடுங்கினார். "பாவி மனுசா! போன எங்க தொலைச்ச? சாப்ட்டியா நீ?" என்று கத்திவிட்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாலை வுழுந்த படம் இருக்கக் கூடாது, எடுத்துருங்க" என்றார். எடுத்தேன். அடுத்த ஆளின் படம் நகர்ந்து வந்து அந்த இடத்தில் நின்றது. அப்படி ஒருவர் அங்கே இருந்ததாகவே தெரியவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு எடத்துக்கு அதுக்குள்ள இன்னொரு ஆளா? வேணாம் கண்ணு. அத அப்படியே காலியா வுடு."

ஒரு வெற்றுக் கட்டத்தை வைத்தேன்.

மாதம் திரும்புவதற்குள் ஃபிட்டர் ஊர் வந்து சேர்ந்தார். அன்றைக்கு போன் போட்டதற்காக ஒரு பை தக்காளியோடு மாடியேறினார். மாலை விஷயத்தை மனைவி அவரிடம் மூச்சுவிடவில்லை போலிருக்கிறது. கம்பெனிப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். கூட வேலை செய்பவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிச் சிரித்தவர், முதல் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இங்க யாரும்மா இருந்தது? அடப் பாவமே, எப்ப தவறிட்டாரு?"

 அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.