சுத்தியல் இல்லாத பிரிவு

எங்கள் நிலவியல் சங்கத்தில் மூன்று பிரிவுகள் இருந்தன. தாதுப் பிரிவு பெரியது. பட்டணத்துப் பேராசிரியர்களும் சுரங்கக்காரர்களும் அதில்தான். புதைபடிவப் பிரிவு சின்னது, ஆனால் கர்வம் ஜாஸ்தி. மூன்றாவது தண்ணீர்ப் பிரிவு. அதில் நானும், என்னோடு அருப்புக்கோட்டையில் படித்து அங்கேயே வாத்தியாராகிவிட்ட என் கிறிஸ்தவ நண்பனும் மட்டும். ஒரு வருஷம் நான் தலைவன், அவன் உறுப்பினன். மறு வருஷம் அவன் தலைவன்.

சங்கத்தில் ஓட்டுப் போடுவது கையைத் தூக்கி அல்ல, பாறை உடைக்கும் சுத்தியலைத் தூக்கி. சுத்தியல் இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை. யார் கொண்டுவந்த வழக்கமோ தெரியாது. எங்களிடம் கயிறும், கிணற்று ஆழம் பார்க்கும் ஈயக் குண்டும்தான். ஓட்டு நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் கெஞ்சி வாங்கித் தூக்குவோம். "இரவல் ஓட்டு வந்தாச்சா?" என்று தாதுப் பிரிவுத் தலைவர் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு கோடையில், பாறை பார்க்க எங்கள் சீமைக்கு வருவதென்று சங்கம் முடிவு செய்தது. கிளம்பும் முன்பே தாதுப் பிரிவுத் தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்துவிட்டார். இரண்டு பேருக்கு ஒரு பிரிவு எதற்கு, தாதுப் பிரிவோடு சேர்த்துவிடலாம் என்று. பயணம் முடியும் சாயங்காலம் ஓட்டு. சேர்த்துவிட்டால் சங்கத்தில் கிணற்றைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள். நானோ மேகத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்த ஊரில் பிறந்தவன். அந்தப் பிரிவு எனக்கு உயிர்.

கரியில் ஓடும் பஸ் எங்களை அருப்புக்கோட்டையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து திருச்சுழிப் பக்கம் மாட்டுவண்டிகள். முன்வண்டியை ஓட்டியவர் ஒரு சம்சாரி, உழுது பிழைப்பவர். அவர் என் நண்பனிடம் கேட்டார்.

"இவுகல்லாம் என்னத்தத் தேடி வாராக?"

"கல்லு."

"கல்லா? எங்க காட்டுல கெடக்குறத பூராம் அள்ளிக்கிடச் சொல்லுங்க. உழுகத் தோதா இருக்கும்."

வழியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை ஒன்று வெயிலில் மின்னியது. அவ்வளவுதான், எல்லோரும் பாய்ந்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் தள்ளி இருந்த ஒரு வற்றிய கிணற்றை அளந்துவிட்டுத் திரும்பினால், சாக்குகள் நிரம்பி, தோள் துண்டுகள் மூட்டையாகி, குடிதண்ணீர் டின்கள் இரண்டிலும் கல் இருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கல்லைப் போட்டிருந்தார்கள்! உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

"அடுத்த ஊர்ல கிணறு இருக்குமே" என்றார் தாதுப் பிரிவுத் தலைவர், கொஞ்சம்கூடக் கூசாமல்.

கிணறு இருந்தது. ஒரு வாய் குடித்தவர் முகம் கோணிப் போனது. கடல் தண்ணீர் தோற்றது. ஊருணியும் வெடித்துக் கிடந்தது. வீடுகளில் கேட்டால் கொடுத்திருப்பார்கள்தான். வெகுதூரம் நடந்து சுமந்து வந்த தண்ணீரை இத்தனை பேர் போய்க் குடித்துத் தீர்க்க எனக்கு மனம் வரவில்லை.

குண்டாற்றுக்கு வந்து சேர்ந்தோம். கண்ணுக்கெட்டிய வரை மணல். நாக்கு வறண்டும் தலைவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. கறுப்புப் பாறை ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "இது இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும் குறுக்கே போகுது சார்" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. ஆற்றுக்குக் குறுக்கே பாறை என்றால் மணலுக்கு அடியில் ஓர் அணை. அடியில் ஓடிவரும் ஈரம் அதன் மேல்புறம் தேங்கியே ஆகவேண்டும்.

"பாறைக்கு மேல்பக்கம் தோண்டுங்க!" என்று கத்தினேன்.

மண்வெட்டி கிடையாது. பேராசிரியர்கள் சுத்தியலாலும் கையாலும் தோண்டினார்கள். இடுப்பளவு போயும் காய்ந்த மணல்தான் வந்தது. என் நண்பன் சிலுவை போட்டுக்கொண்டான். "ஏலே, இந்தக் கல்லு மானத்தக் காப்பாத்துமாலே?" என்று காதில் கேட்டான். வராவிட்டால் பிரிவும் போச்சு, மூஞ்சியும் போச்சு.

பிறகு மணல் கறுத்தது. குழியின் ஓரத்தில் மெல்லக் கசிந்து, கலங்கி, தெளிந்தது. சம்சாரி வண்டியிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்துக் கொடுத்தார். முதலில் குடித்தவர் தலைவர். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இளநி!" என்றார்.

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணல் பட்டது என்று சமாளித்தேன்.

ஓட்டை அங்கேயே வைத்துவிடலாம் என்றார்கள். சேர்க்க வேண்டாம் என்பவர்கள் முதலில் தூக்கவேண்டும். ஈர மணல் ஒட்டிய சுத்தியல்கள் மளமளவென்று மேலே போயின, புதைபடிவக்காரர்கள்கூடத் தூக்கினார்கள். நான் வழக்கம்போல இரவலுக்குத் திரும்பினேன். தலைவர் தன் சுத்தியலை என் கையில் வைத்தார்.

"இது இரவல் இல்ல. வச்சுக்குங்க."

"அப்ப உங்க தீர்மானத்துக்கு நீங்க ஓட்டுப் போட வேண்டாமாய்யா?" என்று கேட்டான் நண்பன்.

"சுத்தியல் இல்லாதவனுக்கு ஏதுய்யா ஓட்டு?" என்று சொல்லிவிட்டு, அவர் குழிக்குள் குனிந்து இன்னொரு சிரட்டை மொண்டார்.