தலைக்குத் தண்ணீர்

மலாக்கா ரோட்டில் குருபோங்கைத் தாண்டிய பிறகுதான் மகள் விழித்தாள். விடியுமுன் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தேன். எங்கே போகிறோம் என்று கேட்டாள். டவுனுக்கு என்றேன். எப்போது திரும்பி வருவோம் என்றாள். வரமாட்டோம் என்றேன். இறக்கிவிடு, நடக்கிறேன் என்றாள். எனக்கும் தோள் வலித்தது. இறக்கிவிட்டேன்.

தோட்டத்தை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். அதன் பிறகு பால்மரம் வெட்டினேன், ரயில் பாதையில் சல்லி கொட்டினேன், மாட்டுவண்டி ஓட்டினேன். ஓரிடத்தில் கொஞ்ச காலம் தங்கினால் கால் அரிக்கத் தொடங்கிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு சற்று அடங்கியிருந்தேன். பிள்ளைக்கு நாலு வயது முடியுமுன் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள்.

லயத்துப் பெண்கள் பிள்ளைக்குச் சோறு போட்டார்கள், தலை வாரினார்கள். ஆனால் குளிப்பாட்ட மட்டும் அவள் யாரையும் விடவில்லை. ஒருத்தியின் கையை ரத்தம் வரக் கடித்துவிட்டாள். ஆகவே காலையில் பெரட்டில் நின்று வேலைக்குப் பேர் கொடுக்க ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் நானே குளிப்பாட்ட வேண்டியிருந்தது. இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பானை கழுவுகிற மாதிரி ஊற்றித் தேய்த்து ஊற்றித் துடைத்துவிடுவேன். அவள் கத்துவாள். நான் பெரட்டுக்கு ஓடுவேன். ஓடியும் பிந்தித்தான் போவேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அரைக் கூலிதான் போடுவார். கடைசியில், "புள்ளைய யாருக்காச்சும் குடுத்துடு, இல்லாட்டி வேலைய விட்டுடு" என்றார். வேலையை விட்டேன்.

வெயில் ஏறியபோது டவுன் ஓரத்தில் காஜா பெராங் வந்தோம். வாசல் நிலையில் காய்ந்த மாவிலை தொங்கிய ஒரு வீட்டில் நின்று, தமிழ் வீடு என்று நினைத்துத் தண்ணீர் கேட்டேன். கபாயா என்ற நீள மேல்சட்டை போட்டு சாரோங் கட்டிய ஒரு விதவை வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய மலாக்காச் செட்டிக் குடும்பம். சாமி பெயர்களும் சில உறவுமுறைகளும் தவிர அவருக்குத் தமிழ் வராது. அவர்களுக்கே உரிய ஒரு மலாய்தான் பேசினார். தோட்டத்தில் நான் கற்ற அரைகுறை மலாய் அதற்குப் போதுமாக இருந்தது. மாமி என்று கூப்பிட்டேன். அது அவருக்குப் புரிந்தது.

அவர் பலகாரம் செய்து விற்பவர். மகன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். தண்ணீர் இறைக்கவும் விறகு பிளக்கவும் ஆள் இல்லை. அந்த இரண்டையும் செய்தால் பின்புறச் சாய்ப்பில் நாங்கள் இருந்துகொள்ளலாம் என்றார். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு அரிசிக் கடைக்கு மூட்டை தூக்க ஆள் தேடுகிறார்கள் என்றும் அவர்தான் சொன்னார்.

மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். பிள்ளையார் கோயிலைத் தாண்டிப் பள்ளிவாசலுக்கு எதிர்ப்புறம் கடை. தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூட்டை தூக்குவியா?"

"தூக்குவேன், முதலாளி."

"இதையும் தூக்கிக்கிட்டா?" என்று மகளைக் காட்டினார். கடைக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இது வீட்ல இருக்கும்."

"இருந்தாச் சரி. நாளைக்கு அரிசி வருது. நான் விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு வந்து கதவத் தொறக்கறப்போ நீ வாசல்ல நிக்கணும். புள்ளையோட வந்தேன்னு வையி, சலாம் சொல்லி அனுப்பிருவேன். முன்ன இருந்தவன் ஒருநாளு பொண்டாட்டிக்கு வயித்து வலின்னான், மறுநாளு ஆட்டுக்குட்டியக் காணோம்னான். எனக்கு உன் முதுகுதாம்ப்பா வேணும், குடும்பம் வேணாம்."

திரும்பி வந்து மாமியிடம் சொன்னேன். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர் சம்மதித்தார். அடுப்படியில் தன் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்றார். ஆனால் ஒன்று. அடுப்படியில்தான் முன்னோர்களுக்கு விளக்கேற்றுகிறார். குளிக்காத ஆள் அதற்குள் கால் வைக்கக் கூடாது. தலையில் தண்ணீர் படாத குளியல் குளியலே இல்லை.

"அப்படின்னா காலையில நீங்களே ரெண்டு குவளை..." என்று ஆரம்பித்தேன்.

"அடோய்! அது மட்டும் கேக்காதே" என்றார். "சோறு போடுறேன். தூங்க வைக்கிறேன். குளிப்பாட்ட மாட்டேன். உனக்கு முன்னால இந்தச் சாய்ப்புல ஒருத்தன் இருந்தான். அவன் பிள்ளைய நான்தான் தினமும் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டினா பிள்ளை ஒட்டிக்கும். நாமளும் ஒட்டிக்குவோம். ஒருநாள் காலையில பாக்குறேன், சாய்ப்பு காலி. உன் காலப் பாத்தாலே தெரியுது, நீயும் அந்த ரகம்தான்."

மறுத்திருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும்.

விடியுமுன் நானே ஊற்றிவிட்டுப் போகிறேனே என்றேன். இந்த வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்த நேரத்தில்தான் கிணற்றடியில் தட்டி மறைப்புக்குள் குளிக்கிறார்கள், அதற்குள் ஆம்பிளை நிற்க முடியாது என்றார். அதற்கும் முன்னால், இருட்டிலேயே என்றேன். "காய்ச்சல் வந்து படுக்கணுமா அது?" என்றார். அவள் தாயைக் கொண்டுபோனதும் காய்ச்சல்தான்.

ஆக, அந்த ஒரு சாயங்காலத்துக்குள் ஐந்து வயதுப் பிள்ளை தானே தலைக்கு ஊற்றிக் குளிக்கப் பழக வேண்டும். பழகினால் எனக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் மறுபடியும் ரோடு. ரோடு எனக்குப் பழக்கம்தான். அவளோடு எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பது அன்று காலையிலேயே தெரிந்துவிட்டது.

கிணற்றுப் பக்கமே போகக் கூடாது என்று முதலில் சொல்லி வைத்தேன். தண்ணீரை நானே இறைத்து, மேல்பாகம் வெட்டிய இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களில் நிரப்பி, தட்டிக்குள் கிணற்றிலிருந்து தள்ளி வைத்தேன். காம்பு செருகிய கொட்டாங்குச்சி ஒன்றை அவள் கையில் கொடுத்தேன்.

"நீ ஊத்து" என்றாள்.

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன். நீதான் ஊத்திக்கணும்."

காலில் ஊற்றினாள். முழங்காலில் ஊற்றினாள். வயிற்றில் ஊற்றிக்கொண்டபோது சிலிர்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சவுக்காரத்தை வாங்கி ஒரே கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். மற்றக் கை எங்கே என்றேன். இதோ, சவுக்காரம் பிடித்திருக்கிறது என்றாள். இதெல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தலை என்றதும் நின்றுவிட்டாள். கொட்டாங்குச்சியைக் காது வரை தூக்குவாள், தோளில் கவிழ்ப்பாள்.

"தலைக்கு ஊத்து."

"ஊத்திட்டேன்."

"தோள்லதானே ஊத்தின?"

"தலைக்குப் பக்கத்துலதானே."

விறகு எடுக்க வந்த மாமி தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "இது குளியலா, கோழிய முக்கி எடுக்கிறதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் கடுத்தது, பசித்தது. முழங்காலுக்குள் இடுக்கி இரண்டு ஊற்று ஊற்றினால் முடிந்துபோகும் வேலை. அப்படித்தான் அத்தனை நாளும் முடித்தேன். கை தானாகவே நீண்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை விறைப்பாக்கினாள். கடிப்பாள் என்று தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"ஏன்தான் மாட்டேங்கிற?"

தகரத்தைப் பார்த்தாள். "கண்ண மூடினா தண்ணி காணாமப் போவுது" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுக் கொட்டாங்குச்சியை வாங்கினேன். தலையில் சவுக்காரம் போட்டேன், கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் ஊற்றினேன். கண்ணில் எரிச்சல். அடுத்ததற்குக் கையை நீட்டினால் தகரம் இருந்த இடத்தில் இல்லை. இடப்பக்கம் துழாவினேன், வலப்பக்கம் துழாவினேன். வெட்டிய விளிம்பில் விரல் பட்டுக் கீறியது.

"அங்க இல்லப்பா, இந்தப் பக்கம்! ஐயோ, இந்தப் பக்கம்!" என்று அவள் சிரித்தாள். அன்று காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

அத்தனை நாளும் ஊற்றியது நான். கண்ணை மூடிக்கொண்டு, அடுத்தது எப்போது விழும் என்று தெரியாமல் நின்றது அவள். விரலை வாயில் வைத்துக்கொண்டு அதை யோசித்தேன். யோசித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு கல்லை எடுத்து இரண்டு தகரத்தின் விளிம்பையும் உள்பக்கமாகத் தட்டி மடித்தேன்.

பிறகு என்னென்னவோ செய்து பார்த்தோம். கொட்டாங்குச்சியை முதலிலேயே நிரப்பி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அது முதல் ஊற்றுக்கு மட்டும்தான் உதவியது. இடது கையால் தகரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அப்போது குனிய வேண்டியிருந்ததால் சவுக்காரம் நேராகக் கண்ணுக்குள் இறங்கியது. இருட்டும் வேளையில் எப்படியோ ஒருதரம் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். பாதிச் சவுக்காரம் தலையிலேயே நின்றது. மாமி விளக்கைக் கொண்டுவந்து அவள் உச்சியைத் தடவிப் பார்த்தார்.

"நாளைக்கும் இப்படி வந்தா உள்ள விடமாட்டேன்" என்றார்.

மறுநாள் விடியுமுன் தகரங்களை நிரப்பித் தட்டிக்குள் வைத்துவிட்டு வெளியே வந்து வாழை மரத்தடியில் நின்றேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மகள் துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் உள்ளே போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பேச்சும் சிரிப்பும் கேட்டன. கொட்டாங்குச்சி தகரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்தது. மறுபடி விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை. நான் ஊற்றட்டுமா என்று ஒரு பெண் மலாயில் கேட்பது கேட்டது.

"வேணாம்!" என்று மகள் கத்தினாள். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது, ஆனால் அது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சிரித்தார்கள்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்துவிட்டார்கள். கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. இனி நின்றால் கடை திறந்துவிடும். "தலைக்கு ஊத்திட்டியா?" என்று கூப்பிட்டேன். தட்டிக்குக் கிட்டப் போனேன். "அப்பா வரவா?"

"வராதே!" என்று, ஆம்பிளைக் குரல் கிட்டத்தில் கேட்டதும், உள்ளேயிருந்து பெண்கள் மலாயில் ஒரே குரலில் கத்தினார்கள்.

அப்போது தண்ணீர் விழுந்தது. தலையில் விழுகிற தண்ணீருக்கு வேறு சத்தம். ஒருதரம் புஸ்ஸென்று ஊதினாள். மூச்சு வாங்குமுன் அடுத்தது விழுந்தது. பிறகும் விழுந்தது. இடையில் தேடுகிற சத்தம் இல்லை.

ஈரத் தலையோடு மாமி தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "ஒரு பாதத்தத் தகரத்துல ஒட்டி வச்சுக்கிட்டு நிக்குது" என்றார். "கண்ண இறுக்கி மூடியிருக்கு. தகரம் எங்கன்னு கால் சொல்லுது. நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல, மாமி."

"நெனச்சேன்" என்றார்.

அடுப்படிக்கு விடுவீர்களா என்று கேட்டேன். தலைமுடியிலிருந்து தண்ணீரைப் பிழிந்துகொண்டே, விடாமல் எங்கே விடுவது என்றார். உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா, நீ போ. நான் இன்னும் குளிக்கிறேன்."

போனேன். பாதித் தூரம் ஓடினேன். முதலாளி சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. ஆற்றங்கரையைக் காட்டினார்.

படியோரம் தோங்காங் என்ற சரக்குப் படகு நின்றது. கரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகை. சாக்கைக் கொக்கி போட்டு இழுத்து என் பிடரியில் ஏற்றினார்கள். ஓரத்து மூட்டை, ஆற்றுத் தண்ணீர் குடித்து ஊறியிருந்தது. எனக்குப் பின்னால் வந்தவன், பலகையைப் பார்க்காதே, கரையைப் பார்த்து நட என்றான். மத்தியானத்துக்குள் கழுத்துத் தோல் உரிந்துவிட்டது. படகில் பாதி அரிசி அப்படியே இருந்தது. மறுநாளும் வரச் சொன்னார்கள். வருகிறேன் என்றேன்.