நாலு மணி விரிப்பு

“…மொதல்ல மூஞ்சியப் பாருடா, படுக்கைய அப்பறம் பாத்துக்கலாம்” என்றார் அண்ணன். போன வியாழக்கிழமை, வீடியோ அழைப்பில். அவர் பாலக்கோட்டில் தன் வீட்டுக் கட்டிலில் கிடந்தார். நான் பின்லாந்தில், தம்பெரே நகரத்தில், வேலை செய்கிற சலவைக்கூடத்தின் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். போனைப் பிடித்திருந்த அண்ணியிடம், “கொஞ்சம் கீழ எறக்குங்கண்ணி, விரிப்பக் காட்டுங்க” என்று கேட்டிருந்தேன். குடலில் புற்று முற்றி, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட மனுசன். எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவரின் முகத்தை விட்டுவிட்டுப் படுக்கையைப் பார்க்க நினைக்கிற தம்பியாக நான் எப்படி ஆனேன் என்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் படுத்திருப்பவர்களுக்கு இடம் தேடுகிறவர்கள் யாராவது படிப்பார்கள்.

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கேட்பார்கள். கடைக்குப் போய் வந்தாலும், கழிவறைக்குப் போய் வந்தாலும், வாசலில் ஒரு கம்பத்தில் நான்கு முகங்கள் நிற்கும். பச்சை முகம் சிரிக்கும், சிவப்பு முகம் உம்மென்று இருக்கும். உனக்கு எப்படி இருந்தது, அழுத்திவிட்டுப் போ என்று அர்த்தம். வந்த புதிதில் சிவப்பை அழுத்தினால் யாராவது பின்னாலேயே ஓடிவந்து காரணம் கேட்பார்களோ என்று பயந்து, எப்போதும் பச்சையையே அழுத்தினேன். ஒருத்தர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உப்புக் கம்மி என்று இதுவரை சொன்னதில்லை நான். நம்மில் பலர் அப்படித்தான். வாய் நிறையப் பாராட்டிவிட்டு, தெருமுனைக்கு வந்து குறை சொல்வோம்.

தந்தூரி ஓட்டலுக்குச் சமையல்காரனாக இங்கே வந்தேன். ஓட்டலை மூடிவிட்டார்கள். எட்டாவது படித்தவனுக்கு அடுத்துக் கிடைத்தது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் வேலை. இறுதிக் காலத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தின் துணியும் எங்களிடம் வரும். அந்தக் கவனிப்புக்கு இங்கே ஸாட்டோஹொய்டோ என்று பெயர். கூடவே கொஞ்ச தூரம் நடந்துபோய் வழியனுப்பி வைக்கிற கவனிப்பு என்று பொருளாம். அங்கே இருக்கும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. விரிப்பைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருவரை அவ்வப்போது திருப்பிப் படுக்க வைத்திருந்தால் கசங்கல் பரவலாக இருக்கும். போட்டது போட்டபடி கிடந்திருந்தால் ஒரே இடத்தில் அழுந்தி, வியர்வை ஆள் அச்சாக மஞ்சள் கட்டியிருக்கும். ஆறு வருடத்தில் யாரும் சொல்லித்தராமல் நானாகப் படித்த படிப்பு இது ஒன்றுதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அண்ணன் பெயர் மாதையன். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் முப்பது வருடம் தரகு பார்த்தவர். எந்தப் பெட்டியையும் மேல் வரிசையைப் பார்த்து எடுக்க மாட்டார். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு அடியில் இருப்பதை வெளியே எடுப்பார். “மேல இருக்கறதெல்லாம் பொண்ணு பாக்க வர்றாங்கன்னு பவுடர் போட்டு உக்காந்திருக்குது. அடியில யாருங்க படுத்துக் கெடக்கறது?” என்பார். தக்காளி கொண்டுவந்தவரே சிரித்துவிடுவார். அந்த மனிதருக்கு இடம் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் இல்லை. அண்ணி ஒற்றை ஆளாகத் தோட்டத்தையும் பார்த்து, ஆஸ்பத்திரிக்கும் அலைந்து கொண்டிருந்தார். நான் ஊருக்கு ஓடிப் போயிருக்கலாம். என் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். புது அட்டை கைக்கு வராமல் வெளியே போனால், திரும்ப உள்ளே வருவது உறுதியில்லை என்றார்கள். போகவில்லை. இதற்கு மேல் என்னிடம் சமாதானம் இல்லை.

தர்மபுரி பைபாஸ் ஓரமாக ஒரு தனியார் இல்லம். பெயர் வேண்டாம். மேலாளர் வாட்ஸப்பில் வீடியோ அனுப்பினார். டைல்ஸ் தரை, சுத்திகரித்த தண்ணீர், சுவரில் டிவி, வாசலில் பிள்ளையார். எனக்குப் பிடித்துப்போயிற்று. இருந்தாலும் விவரம் தெரிந்தவன் போல ஒரு கேள்வி கேட்டேன்.

“விரிப்ப எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்துவீங்க?”

“டெய்லி சார்.”

“நானும் இங்க இந்த மாதிரி எடத்துலதாங்க வேல பாக்கறன். விரிப்பப் பாத்தாவே எனக்கு எல்லாம் தெரிஞ்சிரும்.”

“அட, நீங்க நம்ம ஃபீல்டா சார்! அப்ப நான் பேசவே வேணாம். டெய்லி நாலு மணிக்குக் கூப்புடுங்க, உங்க கண்ணாலயே பாத்துக்கங்க.”

சலவை வேலை என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வலி வந்தால் என்ன கொடுப்பீர்கள், யார் கொடுப்பார்கள், கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்று நான் கேட்கவில்லை.

அங்கே நாலு மணி என்றால், குளிர்காலத்தில் எனக்குப் பகல் பன்னிரண்டரை. சாப்பாட்டு இடைவேளை. தினமும் கூப்பிட்டேன். தினமும் வெள்ளை வெளேரென்று விரிப்பு. அதன் நடுவில் அண்ணன். “எப்பிடிண்ணா இருக்குது?” என்றால், “ராசா கணக்கா இருக்கறன்டா, கிரீடம்தான் பாக்கி” என்பார். ஒரு வாரம் கழித்து மேலாளர், “ஒரு அஞ்சு ஸ்டாரு போட்டு வுட்டுருங்க சார்” என்றார். போட்டேன். ஸ்டாரோடு நிறுத்தியிருக்கலாம். வெளிநாட்டில் இதே துறையில் இருக்கிறேன், தினமும் கவனித்துப் பார்க்கிறேன், நம்பிச் சேர்க்கலாம் என்று நாலு வரியும் எழுதினேன்.

எங்கள் சலவைக்கூடத்தில் ரீத்தா என்று ஓர் அம்மா. அறுபதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் நேராகக் கேட்பார். அண்ணனுக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று நான் சொன்னதும், “உன் அண்ணனுக்கு அந்த இடம் பிடித்திருக்கிறதா?” என்றார். அவரிடம் கேட்கவில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது என்றேன். “என்ன தெரியாது?” “தான் சாகப்போவது.” ரீத்தா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். முகம் இளகிவிட்டது. “ஓ, மறதி நோயும் இருக்கிறதா?” என்றார். நோயாளியிடம் சொல்லாமல், வீட்டார் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொண்டு, அவரும் தெரிந்தும் தெரியாதது போல இருக்கும் நம்ம ஊர் ஏற்பாட்டை விளக்க என்னுடைய ஃபின்னிஷ் போதவில்லை. “யோ” என்று சொல்லிவைத்தேன். ஆமாம் என்று அர்த்தம். அன்றிலிருந்து தினமும் நான் போனை வைத்ததும், “இன்று உன்னை அடையாளம் தெரிந்ததா?” என்று கேட்பார். தெரிந்தது என்பேன். என் தோளில் தட்டிவிட்டுப் போவார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள்தான் விரிப்பின் மடிப்பைக் கவனித்தேன். எங்கள் கூடத்தில் மங்கேலி என்று ஒரு பெரிய உருளை இயந்திரம் உண்டு. ஈரத் துணியை இழுத்து, சூடாக்கி, தேய்த்து வெளியே தள்ளும். அதை மடித்து அடுக்கினால் மடிப்பு கத்தி போல நிற்கும். ஆனால் அதன் மேல் ஒரு மனிதன் அரைமணி நேரம் படுத்தால் உடம்புச் சூட்டில் மடிப்பு செத்துப்போகும். அண்ணனின் இடுப்புக்கு இரண்டு பக்கமும் மடிப்பு கத்தி போலவே இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். விரிப்பில் பள்ளம் இல்லை, சுருக்கம் இல்லை. காலையிலிருந்து படுத்திருக்கிற ஆளின் படுக்கை அல்ல அது. நான் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போட்ட படுக்கை.

தெரிந்த பிறகும் ஆறு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், தேர்ந்தெடுத்தவன் நான், ஐந்து ஸ்டார் போட்டவன் நான். ஏழாவது நாள் அண்ணியிடம், பார்வையாளர் நேரம் பார்க்காமல் காலையிலேயே போகச் சொன்னேன். ராகிக் கூழ் கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு போனார். பதினொன்றரைக்கு வெளியே பைபாஸில் நின்று என்னைக் கூப்பிட்டார். லாரிச் சத்தத்தில் கத்திப் பேசினார்.

“தம்பி, யாரையும் திட்டாதீங்க, நான் பாத்தத மட்டும் சொல்லிடறன். ஹால் முழுசுக்கும் ஒரே ஒரு ஆயாம்மா. பாவம், அது என்னயப் பாத்ததும் அழுவுது. மூணரைக்கு மேலதான் பெட்சீட்டு போடுவாங்களாம், உங்க போன் வர்றதுக்கு மின்ன. பழச எடுக்கறதுகூட இல்ல, அது மேலயே புதுச விரிச்சிருவாங்களாம். முதுகுல எலுமிச்சங்கா அளவுக்குப் புண்ணு தம்பி. வலிக்குதுன்னா காச்சல் மாத்திரதான். டாக்டரு பொதங்கெழமதான் வருவாராம்.”

“அண்ணன் ஏன் என்கிட்ட சொல்லல?”

“நானும் அதத்தான் கேட்டன். ‘அவன் அங்கேருந்து என்ன பண்ணுவான், பாத்தாவது சந்தோசமா இருந்துட்டுப் போவட்டும்’ங்கறாரு.”

அன்றைக்கு ரீத்தா வழக்கம் போல, உன்னை அடையாளம் தெரிந்ததா என்று கேட்டார். என்னை அண்ணன் நன்றாகவே அடையாளம் கண்டு வைத்திருக்கிறார் என்று சொல்லத் தோன்றியது. “யோ” என்றேன்.

மேலாளரைக் கூப்பிட்டுக் கத்தினேன். நம்ம மொழியில் நான் கத்தி ரொம்ப நாள் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னார்: “சார், நீங்க கேட்டது பெட்சீட்டுதான? ஒரு நாளாவது தவறியிருக்கமா? நீங்களே டெய்லி பாத்தீங்களே. வலியப் பத்தி நீங்க கேக்கவே இல்லீங்களே சார்.” அவர் செய்தது அயோக்கியத்தனம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. நான் எதைப் பார்ப்பேன் என்று முதல் நாளே அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், “ஸ்டார மட்டும் எடுத்துராதீங்க சார்” என்றும் கேட்டுக்கொண்டார்.

எடுத்துவிட்டேன். நடந்ததை எழுதி ஒற்றை ஸ்டார் போட்டேன். ஆனால் அண்ணனை வீட்டுக்குக் கூட்டிப்போக வேனில் ஏற்றும்போது, பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகள், பென்னாகரத்துக்காரப் பெண், அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதாம்: “யாரோ ஃபாரின்ல இதே வேலயில இருக்கறவரு நல்ல எடம்னு எழுதியிருந்தாருங்க, அத நம்பித்தான் எங்கம்மாவக் கொண்டாந்து சேத்தன். நீங்க ஏங்க கூட்டிட்டுப் போறீங்க?” அதை எழுதியவன் தன் கொழுந்தன்தான் என்று அண்ணி எப்படிச் சொல்வார். அந்த அம்மா இன்னும் அங்கே இருக்கிறாரா, வேறு இடம் போனாரா, எனக்குத் தெரியாது.

இப்போது வீட்டுக்கு அரசு நர்ஸ் ஒருவர் வாரம் இரண்டு முறை ஸ்கூட்டியில் வருகிறார். அவருக்குப் பெயர்ப்பலகையும் இல்லை, ஸ்டாரும் இல்லை. முதல் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனிடமே கேட்டிருக்கிறார்: “இப்ப எங்கங்க வலிக்குது? பத்துக்கு எத்தன இருக்கும்? நோயப் பத்தி ஏதாவது தெரிஞ்சிக்கணும்னா கேளுங்க.” இத்தனை மாதத்தில் அவரிடமே கேட்டவர் இவர்தான். “வலி எட்டு இருக்கும்மா. மத்தது நான் கேக்கவும் வேணாம், நீங்க சொல்லவும் வேணாம். எனக்குத் தெரியும்” என்று அண்ணன் சொன்னாராம். நர்ஸ் ஏற்பாடு செய்து அரசு ஆஸ்பத்திரியிலிருந்து மார்ஃபின் மாத்திரை வருகிறது. எட்டு இப்போது மூன்றாகிவிட்டது. அண்ணிக்கு இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். புண் முழுக்க ஆறாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். விரிப்பு என்று தனியாக ஒன்றும் இல்லை. அண்ணியின் பழைய நூல் புடவைகள்தான், மாற்றி மாற்றித் துவைத்துப் போடுகிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் திருந்தவில்லை. வியாழக்கிழமை கட்டில் ஓரத்தில், புடவையில் ஒரு மடிப்பு கூராகத் தெரிந்தது. என் கண் அங்கேயே போய் நின்றுகொண்டது. தூக்கமில்லாமல் புருசனைத் திருப்பித் திருப்பிப் போடுகிற மனுசியை நான் சந்தேகப்பட்டேன். கேமராவைக் கீழே இறக்கச் சொன்னது அப்போதுதான். மூஞ்சியைப் பார் என்று அண்ணன் சொன்னதும் அப்போதுதான். “இங்கயும் பரிச்ச வெக்க வந்துட்டியா?” என்று கூடவே கேட்டார்.

பிறகு கையை நீட்டி அண்ணியிடமிருந்து போனை வாங்கினார். ஒரு கணம் அவர் முகம் திரை முழுக்க இருந்தது. கன்னம் ஒட்டி, மீசை முழுக்க வெளுத்து. நான் பார்த்து முடிப்பதற்குள் போனைத் தன் பக்கத்தில், அந்தப் புடவையின் மேல், கவிழ்த்து வைத்துவிட்டார். திரை கறுத்தது. அழைப்பைத் துண்டிக்கவில்லை.

“என்னாங்க, தம்பி லைன்ல இருக்காரு” என்றார் அண்ணி.

“இருக்கட்டும். இங்கயே கெடக்கட்டும்.”

அவர் படுக்கையில் நானும் குப்புறக் கிடந்தேன். அங்கே தெருவில் ஒரு டிராக்டர் போனது. இங்கே எனக்குப் பின்னால் இடைவேளை முடிந்து மங்கேலி ஓடத் தொடங்கியது. “திருப்பி வுடு” என்று அண்ணியிடம் சொன்னார். வளையல் சத்தம், கட்டில் சத்தம், ஒரு முனகல். அண்ணன் திரும்பிப் படுத்தார், என் பக்கமா சுவர்ப் பக்கமா என்று தெரியவில்லை.