டிக்கட் வாங்கிய மரகதம்

லுணுகலையிலிருந்து மரகதத்தின் தம்பி தியாகு தொலைபேசியில் அழைத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், அக்கா போயிருச்சு" என்றான். அதற்குமேல் பேச முடியாமல் அழுதான். எனக்கும் கண்ணீர் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் இன்னொன்றையும் சொன்னான். "டெரன்ஸ் அண்ணனுக்குச் சொல்லியாச்சு. வாராராம்."

என் அழுகை அப்படியே நின்றுபோயிற்று. நான் செத்தால் பாடகர் டெரன்ஸ் வருவாரா என்று நினைத்தேன். சாவுச் செய்தி சொன்ன வாய் மூடுவதற்குள் ஒருத்திக்கு இப்படியும் தோன்றுமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தோன்றியது. மரகதத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை நினைவு மலருக்கு எழுதித் தரும்படி லுணுகலைக் கடைக்காரர் சங்கத்தார் கேட்டார்கள். நல்லது நிறையவே உண்டு. ஆனால் அவளோடு பழகிய காலமெல்லாம் அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அதை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுத எனக்கு வராது.

உங்களில் பலருக்கு அவளை லுணுகலை பஸ் நிலையத்துக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருந்தவளாகத் தெரியும். எனக்கு அவள் அடுத்த காம்பராக்காரி. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் நான் பாடம் படித்தால் அந்தப் பக்கத்திலிருந்து, "ஏய் சாந்தி, மெதுவாப் படிடி, தூக்கம் வருது" என்று கத்துவாள்.

நீலக்குதிரைகள் பாட்டுக்குழுவை இளையவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இப்போது தொலைக்காட்சியிலும் வருகிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்கள் பதுளையைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள். இரண்டு மின்கிட்டார், ஒரு டிரம், டெரன்ஸின் தொண்டை. அவ்வளவுதான். சினிமாப் பாட்டைப் பாடாமல் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு லொறியில் வந்து, லொறியின் பின்பலகையை இறக்கி, அதையே மேடையாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது சாப்பாடும் ஆளுக்கொரு துண்டும்.

அன்று மாலை பெண்கள் பக்கத்தில் நானும் மரகதமும் முன்வரிசையில் நின்றோம். 'கடைசி பஸ்சு போயிருச்சு' என்ற பாட்டு எனக்கு உயிர். வானொலியில் ஒருதரம் கேட்டிருந்தேன். அதைப் பாடும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை. மரகதத்தின் காதில் சொன்னேன். அவள் இரண்டு கைகளையும் வாயில் குவித்து, "அண்ணே! கடைசி பஸ்சு பாடுங்க!" என்று போட்ட சத்தத்தில் ஆண்கள் பக்கமும் திரும்பிப் பார்த்தது.

டெரன்ஸ் சிரித்தார். "யாரு அந்தத் தங்கச்சி? பேரு என்னா?"

"மரகதம்!"

"அப்ப இது மரகதத்துக்கு."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "நாந்தான்டி கேட்டேன்."

"அப்ப ஒம் பேரச் சொல்லவா?"

"ஐயோ, வேணாம்."

வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். இருந்தாலும் அந்தப் பாட்டு முடியும்வரை அவர் அவளைப் பார்த்தே பாடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உயிரான பாட்டை என் கண்முன்னேயே அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஏழெட்டுப் பேர் கூட்டமாக அந்தக் குழுவின் பின்னால் திரிந்தோம். தியாகு ஒரு லொறியில் கிளீனராக இருந்ததால் போக்குவரத்துக்குக் குறைவில்லை. வழியில் சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏறுவோம். எங்களுக்குக் 'குதிரைக்காரங்க' என்று பேர் விழுந்தது. நான் ஆசிரியையானேன். மரகதம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். பிறகு முருகையாவைக் கட்டிக்கொண்டு லுணுகலைக்குப் போய்க் கடை போட்டாள். யார் எங்கே போனாலும் நீலக்குதிரைகள் பாடும் இடத்தில் எல்லோரும் சேர்ந்துவிடுவோம்.

ஹல்துமுல்லையில் ஒருமுறை பாட்டு தொடங்கியதுமே மழை கொட்டியது. கூட்டம் கலைந்தது. நாங்கள் மட்டும் தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றோம். டெரன்ஸும் நிறுத்தவில்லை. பாடி முடித்ததும் மேடைக்குப் பின்னால் போய், நான் முதல்நாளே கிண்டி எடுத்து வைத்திருந்த பால் டொபியை அவரிடம் நீட்டினேன். "நன்றிம்மா" என்று வாங்கி அம்ப்ளிஃபயர் பெட்டியின்மேல் வைத்தார். அதற்குள் மரகதம் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். கட்டச்சம்பல் வாசனை அந்த இடத்தை நிறைத்தது. நான்கு பேரும் நின்றுகொண்டே தின்றார்கள். அடுத்த நிகழ்ச்சியில் டெரன்ஸ் ஒலிவாங்கியில், "லுணுகலை மரகதம் ரொட்டி கொண்டாந்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் முதல் பாட்டையே எடுத்தார். என் பால் டொபி அம்ப்ளிஃபயரின் சூட்டில் உருகியதை நான் மட்டுமே பார்த்தேன்.

"ஒனக்கு மட்டும் எப்பிடிடி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கேக்காத வாய்க்குப் பாட்டும் கெடையாது, ரொட்டியும் கெடையாது" என்றாள். இதை அவள் கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்வாள். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு நீலக்குதிரைகள் எங்கள் கைக்கு எட்டாமல் போனார்கள். கொழும்புக்குப் போனார்கள்; ஹோட்டல்களில் பாடினார்கள்; கனடா, சுவிஸ் என்று பறந்தார்கள். எப்போதாவது பதுளைக்கு வந்தால் மேடைக்கு முன்னால் இரும்புத் தடுப்பு நின்றது. அதற்கு அந்தப் பக்கம் சோபா நாற்காலிகள். இந்தப் பக்கம் நாங்கள். ஒவ்வொரு தடவையும் டிக்கட் விலை ஏறியது. நாங்களும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினோம். கடைசியாக ஒரு சுவரொட்டி வந்தது. நான்கு பேரும் நரைக்குச் சாயம் பூசி, கறுப்புக் கண்ணாடியோடு நின்றார்கள். அதிலிருந்த விலையைப் பார்த்துவிட்டுத் தியாகு, "ஒரு வாரம் முழுக்கக் கொழுந்து பறிச்சாலும் பின்வரிசை வாங்குலதான் ஒக்காரணும் போல" என்றான்.

மரகதத்தின் கடையில் கூடினோம். நான் நிறையப் பேசினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "லொறிப் பலகையில நின்னு பாடுனவங்க. நம்ம ரொட்டியத் தின்னவங்க. இன்னைக்கு நம்மகிட்டயே இந்த வெல கேக்குறாங்க. ஒருத்தரும் போகக் கூடாது" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மரகதம் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "நான் போவேன்" என்றாள்.

"ஒனக்கென்னா, டெரன்ஸ் சும்மாவே உள்ள விடுவாரு" என்றேன். மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

"சும்மா எதுக்குடி விடணும்? வாங்கிட்டேன்." முந்தானையில் முடிந்திருந்த டிக்கட்டை எடுத்துக் காட்டினாள். இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கத்து டிக்கட். சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கியிருக்கிறாள்.

"இவ்வளவு காசக் குடுத்து அவங்களுக்குக் கொழுப்பேத்துறியே, வெக்கமா இல்லியா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "வருஷா வருஷம் நானும் ரொட்டிக்கு வெல ஏத்துறேன். நீ ஒருநாளாச்சும் திங்காம போயிருக்கியா? பாடுறது அவங்க தொழிலு. வெல வெக்கிறாங்க. வேணும்னா வாங்கு, வேணாம்னா விடு. அதுக்கு எதுக்கு ஒப்பாரி?"

யாரும் தேநீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தோம். பசறை வளைவுகள் நெடுக பஸ்ஸில் நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த விலை எனக்குக் கட்டாத விலை அல்ல. ஆசிரியைச் சம்பளத்தில் கொஞ்சம் சுருக்கினால் வாங்கியிருக்கலாம். ஆனால் அவளைப் போல வருத்தமில்லாமல் வாங்க என்னால் முடியாது. நம்மை மறந்துவிட்டார்களே என்ற கசப்பு எனக்குத் தொண்டைவரை இருந்தது. அவளுக்கு அது எங்குமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நிகழ்ச்சி நாளன்று தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு பதுளை டவுனுக்குப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால் மேடேறும் பாதையில் தியாகு நின்றான். லொறிக்கு டயர் பார்க்க வந்தானாம். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராக, ஒவ்வொரு வேலையாக, அந்தப் பாதைக்கே வந்து சேர்ந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கீழே மண்டப வாசலில், கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு மரகதம் உள்ளே போவது தெரிந்தது. காவற்காரன் அவள் டிக்கட்டை இரண்டுதரம் பார்த்துவிட்டுத்தான் விட்டான்.

மண்டபத்து ஒலி மேட்டுக்கு நன்றாகவே ஏறியது. எல்லாம் புதுப் பாட்டுகள். ஒன்று முடிந்த இடைவெளியில் ஒரு பெண்குரல் கேட்டது.

"அண்ணே! கடைசி பஸ்சு பாடுங்க!"

தியாகு என் தோளைப் பிடித்துவிட்டான். உள்ளே டெரன்ஸ் ஒலிவாங்கியில் சிரிப்பது கேட்டது. "லுணுகலை மரகதமா? அம்மா, அது பழைய பாட்டு. இன்னைக்கி அது இல்ல."

"இல்லேன்னா எப்பிடி? காசு குடுத்து டிக்கட் வாங்கியிருக்கேன். பாடுங்க!"

மண்டபமே சிரித்துக் கைதட்டியது. பிறகு, "பாடுங்க, பாடுங்க" என்று கூச்சல் எழுந்தது. கிட்டார் தயங்கித் தயங்கித் தொடங்கியது. டெரன்ஸுக்கு இரண்டாவது அடி மறந்துவிட்டது. டிரம் ஒருபக்கம் போனது, பாட்டு ஒருபக்கம் போனது. மேட்டில் எங்கள் ஆட்கள் நடுப்பாதையில் ஆடினார்கள். ஒரு முச்சக்கர வண்டிக்காரர் ஹோர்ன் அடித்தும் நகரவில்லை.

தியாகு ஆடிக்கொண்டே, "டீச்சர், அக்கா ஒங்க பாட்டத்தான் கேட்டிருக்கு!" என்றான்.

எனக்குத் தெரியாதா? நான் ஆடவில்லை. இத்தனை திட்டியும் எனக்குப் பாட்டு வாங்கிக் கொடுக்கிறாள். பெறுவதில்தான் முந்திக்கொண்டாள் என்றால் கொடுப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள். எனக்கு எந்த இடத்தைத்தான் மிச்சம் வைத்தாள்?

வெளியே வந்தவளிடம் எரிச்சலோடு கேட்டேன். "எப்பிடி இருந்துச்சு?"

"சுமாருதான். கொரலு போயிருச்சு. பாதிய ஒரு சின்னப் பையன் பின்னாடி நின்னு பாடுறான்."

"இதுக்கா அவ்வளவு காசு?"

"எனக்குப் போதும்டி" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது, வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

அதற்குப் பிறகு நான் நீலக்குதிரைகளைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேசட்டுகளை யாருக்கோ கொடுத்தேன். அவள் கடையில் மட்டும் அவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். ரொட்டிக்குப் போனால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

சிறுநீரகம் பழுதாகி அவள் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் பள்ளிக்கூடம் விட்டு நேரே போவேன். அங்கேயும் தாதிமாரும் பக்கத்துக் கட்டில்காரிகளும் அவளைச் சுற்றித்தான் இருப்பார்கள். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் சொன்னாள். "எனக்குப் புடிச்ச பாட்டு எதுன்னு நீ ஒருநாளும் கேட்டதில்லியேடி."

"கடைசி பஸ்சுதானே?"

"அது ஒம் பாட்டு."

எதுவென்று கேட்டேன். சொன்னாள். இரண்டு அடி மெதுவாகப் பாடியும் காட்டினாள். நான் ஒருபோதும் பெரிதாக எண்ணாத பாட்டு. "இத்தன வருஷம் அத ஏன் கேக்கல?" என்றேன்.

"நீ எங்க கேக்க விட்ட? பக்கத்துல நின்னு கையப் புடிச்சி இழுத்துக்கிட்டே இருப்ப. ஒம் பாட்டக் கேட்டாத்தான் விடுவ." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது மூச்சு வாங்கியது.

அடக்கத்தன்று டெரன்ஸ் சொன்னபடியே வந்தார். கைத்தடி ஊன்றியிருந்தார். சாயம் பூசாத தலை வெள்ளையாக இருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. பெட்டியருகில் வெகுநேரம் நின்று, முருகையாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். திரும்பும்போது தியாகு என்னைக் காட்டி, "அக்காவோட கூட்டாளி" என்றான்.

டெரன்ஸ் என் முகத்தைப் பார்த்தார். "உங்கள எங்கயாச்சும் பாத்திருக்கேனா?"

"இருக்கலாங்க" என்றேன்.

"வர்ற மாசம் பண்டாரவளையில பாடுறோம். மரகதம் பேரச் சொல்லி ஒரு பாட்டுப் பாடணும்னு இருக்கேன். கடைசி பஸ்சுதானே அவங்களுக்கு ரொம்பப் புடிச்சது? இல்ல, வேற ஏதாச்சும் இருந்துச்சா?"

எனக்குத் தெரியும். சொன்னால் பாடுவார், மண்டபம் கைதட்டும், நாளைக்கு அது எல்லோருக்கும் மரகதத்தின் பாட்டாகிவிடும்.

"தெரியாதுங்க. அதுவாத்தான் இருக்கும்" என்றேன்.

மரகதத்தைப் பற்றிச் சொல்ல உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது. சாவு வீட்டில் அவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கோ கடனுக்கு ரொட்டி கொடுத்தாளாம். யாருடைய பிள்ளையையோ தூக்கி வளர்த்தாளாம். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க, இதெல்லாம் எனக்குத் தெரியாமல் எப்போது நடந்தது என்று உள்ளுக்குள் எரிந்துகொண்டேதான் இருந்தது. அதனால் அவளுடைய பாட்டை நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு ஸ்பிரிங்வெளிப் பாதையில் தனியாக நடக்கும்போது வாய்க்குள்ளேயே பாடிப் பார்க்கிறேன். எதிரே யாராவது வந்தால் நிறுத்திவிடுகிறேன்.